ஐந்து தட்டுக்கும் ஒரே கண்: மல்டி டிஸ்க் டிவிடி பிளேயர் எப்படி வேலை செய்கிறது?

எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் ஐந்து தட்டு போடுகிற ரகம். விலை குறைந்த மாடல்தான். முதல் இரண்டு குழிகளில் பாட்டு சிடிகள் நிரந்தரமாகக் கிடக்கும். படம் பார்ப்பதென்றால் தட்டை மூன்றாம் குழியில் வைப்பது எங்கள் பழக்கம். இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒருநாள் படத்தட்டைப் போட்டதும் உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் எதுவோ சுற்றியது, அப்புறம் திரையில் "நோ டிஸ்க்" என்று வந்து நின்றது. வேறு படம் போட்டாலும் அதே கதை. பாட்டு சிடிகள் மட்டும் நன்றாக ஓடின.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "லென்ஸ் போச்சு." பழுது பார்ப்பவரும் அதையே சொன்னார். "சிடி ஓடுது, டிவிடி ஓடலைன்னா லென்ஸ்தான்" என்று காரணமும் கொடுத்தார். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது, ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் என் பிளேயரில் லென்ஸ் போகவில்லை. ரைட் செய்த தட்டு ஒன்றின் மேல் ஒட்டியிருந்த காகித லேபிள், நகக்கண் அளவுக்குப் பிய்ந்து மூன்றாம் குழியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் வைத்த தட்டெல்லாம் ஒரு பக்கம் தூக்கலாக, சாய்ந்து உட்கார்ந்தது. அதே படத்தை நான்காம் குழியில் போட்டுப் பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இந்த மாதிரிப் பிளேயர் வைத்திருக்கிறவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டால், பாதிக்கு மேல் இப்படிப் பழி இடம் மாறியவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும், இந்தக் குழப்பம் வராது.

"மல்டி" என்றால் எது?

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பெட்டியின் மேல் "மல்டி" என்ற சொல் மூன்று வேறு அர்த்தங்களில் வரும்.

மல்டி டிஸ்க் என்றால் ஒரே நேரத்தில் பல தட்டுகளை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். அவ்வளவுதான். மல்டி ஃபார்மட் என்றால் டிவிடி, விசிடி, பாட்டு சிடி, எம்பி3 தட்டு என்று பல வகைப் பதிவுகளைப் படிக்கும். மல்டி ரீஜன் என்பது முற்றிலும் வேறு சமாச்சாரம். படத் தயாரிப்பாளர்கள் உலக நாடுகளை 6 மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாமல் தடுப்பதற்காக அந்த ஏற்பாடு. மல்டி ரீஜன் பிளேயர் அந்தத் தடையைப் பொருட்படுத்தாது.

ஐந்து தட்டு போடும் பிளேயர் மல்டி ரீஜனாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "அஞ்சு டிஸ்க் பிளேயர்தான், ஆனா வெளிநாட்டுப் படம் ஓட மாட்டேங்குது" என்று வருத்தப்படுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கியவர்கள்.

எடுத்துக் கொடுப்பவரும் படிப்பவரும்

நூலகத்தில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைப்பார், முடிந்ததும் திருப்பி வைப்பார். இன்னொருவர் மேசையிலேயே உட்கார்ந்து, வந்த புத்தகத்தை உரக்கப் படிப்பார். அலமாரியில் ஐந்து புத்தகம் இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் படிப்பவர் ஒருவர்தான். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான்.

மல்டி டிஸ்க் பிளேயரும் அப்படித்தான். எடுத்துக் கொடுக்கிற வேலையைச் செய்யும் பகுதிக்குச் சேஞ்சர் என்று பெயர். மோட்டார், கியர், ரப்பர் பெல்ட், பிளாஸ்டிக் மேடை எல்லாம் சேர்ந்தது அது. படிக்கிற வேலை பிக்கப் உடையது. லேசர், லென்ஸ், ஒளியுணரி மூன்றும் அடங்கிய சின்னப் பகுதி அது. பேச்சில் நாம் "லென்ஸ்" என்றும் "ஹெட்" என்றும் சொல்வது இதைத்தான். ஐந்து தட்டுப் பிளேயரில் ஐந்து பிக்கப் இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒன்றுதான் இருக்கிறது.

சேஞ்சரில் பல அமைப்புகள் உண்டு. வட்ட மேடையில் தட்டுகளைச் சுற்றிவர அடுக்கி, மேடையைத் திருப்பித் தேவையான தட்டைப் பிக்கப்புக்கு நேராகக் கொண்டுவருவது ஒரு வகை. இதைக் கரோசல் என்பார்கள். குடைராட்டினத்தை நினைத்துக்கொள்ளலாம். விலை குறைந்த மூன்று தட்டு, ஐந்து தட்டுப் பிளேயர்களில் அதிகம் பார்ப்பது இதுதான். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி வகையும் உண்டு, கார்களில் வந்தது பெரும்பாலும் அது. நாம் கரோசலையே எடுத்துக்கொள்வோம்.

இந்தப் பிளேயர்கள் ஏன் வந்தன என்பதற்கும் எளிய காரணம் இருக்கிறது. விசிடி ஒன்றில் ஏறக்குறைய 74 நிமிடப் படம்தான் அடங்கும். நீளமான படமென்றால் இரண்டு, மூன்று தட்டு தேவைப்படும். நடுவில் எழுந்துபோய்த் தட்டு மாற்ற வேண்டியிருந்தது. தொடர்களை மொத்தமாகப் பார்ப்பவர்களுக்கும், நாள் முழுக்கப் பாட்டு ஓட விடுகிறவர்களுக்கும் அதே தொல்லைதான். மல்டி டிஸ்க் பிளேயர் தீர்த்து வைத்தது அந்த ஒரு சிரமத்தை மட்டும். படத்தின் தரத்துக்கும் தட்டு எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை.

இதுவரை பார்த்தது: பிளேயருக்குள் சேஞ்சர், பிக்கப் என்று இரண்டு தனித்தனி வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருவர் தவறினால் இன்னொருவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தட்டு மாறும்போது கேட்கும் சத்தங்கள்

"அடுத்த தட்டுக்குப் போக ரொம்ப நேரம் எடுக்குது" என்பது புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் சொல்வது. ரிமோட்டில் பொத்தானை அமுக்கிவிட்டுக் காதைத் தீட்டி வைத்துக் கேளுங்கள், காரணம் வரிசையாகக் காதில் விழும்.

முதலில் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டு வேகம் குறைந்து நிற்க வேண்டும். பிறகு "டொக்" என்று ஒரு சத்தம். தட்டைப் பிடித்திருந்த பகுதி கீழே இறங்கி, தட்டைக் குழியில் விட்டுவிடுகிறது. அடுத்து "உர்ர்" என்று மேடை திரும்பும். ஐந்து தட்டு மேடையில் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு 72 டிகிரி. சரியான இடத்தில் நிற்க வேண்டுமே, அதற்காக மேடையின் அடியில் துளைகளோ பல்லோ இருக்கும். ஒரு சின்ன ஒளியுணரி அவற்றை எண்ணிக்கொண்டே வரும். மேடை நின்றதும் மறுபடி "டொக்". கீழிருந்து பிக்கப்பும் சுழல்தண்டும் மேலே எழுந்து, தட்டின் நடுத்துளைக்குள் நுழைந்து அதைக் குழியிலிருந்து தூக்கும். மேலே காந்தம் பொருத்திய ஒரு வட்ட வில்லை காத்திருக்கும். தட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் இறுகப் பிடிபடும்.

அதற்குப் பிறகுதான் சுற்றல், குவியம் தேடல், தட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் படித்தல், எல்லாம். இத்தனையும் முடியக் கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்யும். அது கோளாறு இல்லை.

என் மூன்றாம் குழியில் நடந்ததும் இப்போது புரியும். காகிதத் துண்டினால் தட்டு சாய்ந்திருந்தது. சுழல்தண்டு மேலே வந்தபோது நடுத்துளை நேராக அமையவில்லை. தட்டு கோணலாகப் பிடிபட்டு, மேடையில் உரசிக்கொண்டே சுற்றியது. கரகர சத்தம் அதுதான். கோணலாகச் சுற்றும் தட்டை எந்த லென்ஸாலும் படிக்க முடியாது.

கரோசலில் ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. ஒரு தட்டு மேலே தூக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பல மாடல்களில் டிரேயை வெளியே இழுத்து மற்றக் குழிகளில் உள்ள தட்டுகளை மாற்றலாம். ஓடுகிற தட்டு உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். இந்த வசதி இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் நிறுத்தி நிறுத்தி மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பவரின் வேலை எவ்வளவு நுணுக்கமானது

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் ரசித்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

டிவிடி தட்டு 12 செ.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன். உண்மையில் அது 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் வட்டங்களை ஒட்டியது. படமும் ஒலியும் அந்த இரண்டுக்கும் நடுவில், பளபளக்கும் உலோகப் பூச்சில் இருக்கின்றன. அங்கே கண்ணுக்குத் தெரியாத மிகச் சின்னக் குழிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். இந்த வரிசைக்குத் தடம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தடம் நடுவில் தொடங்கி, கொசுவர்த்திச் சுருள் போலச் சுற்றிச் சுற்றி வெளியே போகும்.

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது எவ்வளவு நெருக்கம் என்றால், ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஏறக்குறைய 100 சுற்றுகள் அடங்கிவிடும். ஒரு தட்டின் தடத்தை அப்படியே பிரித்து நீட்டினால் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் வரும்.

பிக்கப் இந்தத் தடத்தின் மேல் சிவப்பு லேசர் ஒளியை ஒரு புள்ளியாகக் குவிக்கிறது. சமதளத்தில் பட்டால் ஒளி நன்றாகத் திரும்பி வரும், குழியில் பட்டால் மங்கும். அந்தப் பளிச்சும் மங்கலும்தான் ஒன்றும் சைபருமாக மாறி, கடைசியில் படமாகிறது.

இதில் சிரமம் எங்கே என்றால், தட்டு சும்மா இருப்பதில்லை. உள்பக்கம் படிக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று, வெளிவிளிம்புக்குப் போகும்போது 600 சுற்றுக்குப் பக்கம். எவ்வளவு நேர்த்தியாகச் செய்த தட்டும் சுற்றும்போது மேலும் கீழும் கொஞ்சம் அசையும், பக்கவாட்டிலும் ஆடும். அந்த அசைவு நம் கண்ணுக்குச் சின்னது, 0.74 மைக்ரான் தடத்துக்கு அது பூகம்பம். அதனால் லென்ஸை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் கம்பிச்சுருளும் காந்தமும் வைத்திருக்கிறார்கள். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துப் பிளேயர் லென்ஸை மேலும் கீழும், இடமும் வலமும் ஒவ்வொரு கணமும் நகர்த்திக்கொண்டே இருக்கும். மேல்கீழ் நகர்வு குவியத்தைக் காப்பாற்றுகிறது, இடவல நகர்வு தடத்தைப் பின்தொடர்கிறது.

தட்டு போட்டதும் லென்ஸ் முதலில் செய்வது மெதுவாக மேலே ஏறி இறங்கிப் பார்ப்பது. எந்த உயரத்தில் ஒளி கூர்மையாகத் திரும்பி வருகிறது என்று தேடுகிறது. சில முறை தேடியும் கிடைக்காவிட்டால் "நோ டிஸ்க்" என்று எழுதிவிடும். ஆக, அந்த எழுத்துக்கு "தட்டு இல்லை" என்று அர்த்தம் செய்யக் கூடாது, "எனக்குத் தட்டு தெரியவில்லை" என்று படிக்க வேண்டும். தெரியாமல் போக லென்ஸ் கெட்டிருக்கலாம். லென்ஸில் தூசி படிந்திருக்கலாம், தட்டு அழுக்காக இருக்கலாம், இல்லை என் வீட்டில் நடந்தது போலத் தட்டு சாய்ந்திருக்கலாம்.

ஒன்று ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை

எல்லாத் தட்டும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. ஒற்றை அடுக்கு டிவிடி, அதாவது 4.7 ஜிபி தட்டு, தன்மேல் விழும் ஒளியில் 45 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. 8.5 ஜிபி அளவுள்ள இரட்டை அடுக்கு தட்டில் ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு பதிவுப் பூச்சுகள் இருக்கும். முதல் பூச்சு வழியாகப் பார்த்துத்தான் இரண்டாவதைப் படிக்க வேண்டும். அதனால் திரும்பி வரும் ஒளி 18 முதல் 30 சதவீதம்தான். அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூ தட்டும் இதே அளவு மங்கல்தான்.

பிக்கப் புதிதாக இருக்கும்போது எல்லாவற்றையும் படித்துவிடும். வயதாகி லேசரின் வலு குறையும்போதோ, லென்ஸில் தூசி ஏறும்போதோ, முதலில் கைவிடுவது இந்த மங்கலான தட்டுகளை. மற்றவை அப்புறமும் பல மாதம் ஓடும்.

பழுது பார்ப்பவர் சொன்ன காரணத்துக்கு இப்போது வருவோம். டிவிடி படிக்க 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் வேண்டும். சிடி, விசிடி படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். குறிப்பாக, நாம் ரைட் செய்யும் சிடி-ஆர் தட்டின் சாயம் சிவப்பு லேசரைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அதனால் டிவிடி பிளேயர்களில் இரண்டு லேசர்களையும் வைத்தார்கள். ஒன்று கெட்டு மற்றது நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. சிடி ஓடி, டிவிடி மட்டும் எந்தக் குழியிலும் ஓடவில்லை என்றால் அவர் சொன்னதை நம்பலாம். என் வீட்டில் சிடிகள் எப்போதும் ஒன்றிலும் இரண்டிலும், டிவிடி எப்போதும் மூன்றில். அதனால்தான் குழியின் தவறு லேசரின் தவறு போலத் தெரிந்தது.

நடுப்படத்தில் ஓரிடத்தில் காட்சி ஒரு நொடி உறைந்து தொடர்கிறது, எப்போது போட்டாலும் அதே இடத்தில், என்ற புகாரும் நிறைய வரும். இரட்டை அடுக்குத் தட்டில் முதல் அடுக்கு முடிந்து இரண்டாம் அடுக்குக்குக் குவியத்தை மாற்றும் இடம் அது. தட்டிலும் குறையில்லை, பிளேயரிலும் குறையில்லை.

சுருக்கமாக: எந்த வகைத் தட்டு ஓடவில்லை என்பதே ஒரு தகவல். வெறும் "ஓடலை" என்று சொல்வதைவிட அது பத்து மடங்கு உபயோகம்.

கீறலும் துடைப்பும்

கீறல் விழுந்த தட்டு எப்படி ஓடுகிறது? பதிவில் படத்தோடு கூடுதலாகச் சரிபார்ப்பு எண்களும் கலந்து எழுதப்பட்டிருக்கும். ஒரு சொல் அழிந்த வாக்கியத்தை முன்பின் சொற்களை வைத்து நாம் ஊகிப்பதில்லையா, அது போல, விட்டுப்போனதைப் பிளேயர் கணக்குப் போட்டு மீட்டுவிடும். இதற்குப் பிழைத்திருத்தம் என்று பெயர். தடத்தின் நெடுகே ஏறக்குறைய 6 மி.மீ. வரை தொடர்ந்து விட்டுப்போனாலும் மீட்க முடியும்.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. லேசர் ஒளி தட்டின் மேற்பரப்பில் நுழையும்போது அரை மில்லிமீட்டர் அகல வட்டமாக இருக்கும், உள்ளே போய்த்தான் புள்ளியாகக் குவிகிறது. அதனால் மேலே இருக்கும் சின்னத் தூசி, கண்ணுக்கு மிக அருகே பிடித்த கொசுவலை போலக் கலங்கலாகி மறைந்துவிடும்.

நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் கெடுக்கும், பிழைத்திருத்தம் சமாளித்துவிடும். தடத்தோடு சேர்ந்து வட்டமாகப் போகும் கீறல் ஒரே இடத்தில் நிறையத் தின்றுவிடும். தட்டை வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து வெளியே நேராகத் துடையுங்கள் என்று சொல்வது இதனால்தான். மென்மையான, பஞ்சு உதிராத துணி போதும்.

காகித லேபிள் ஒட்டாதீர்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சத் தயார். என் குழியில் ஒட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும், கொஞ்சம் கோணலாக ஒட்டினாலே தட்டின் எடை ஒரு பக்கம் கூடி, சுற்றும்போது அதிரும்.

கோளாறு யாருடையது?

இப்போது வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. ஓடாத தட்டை எடுத்து ஒவ்வொரு குழியிலும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு குழியில் மட்டும் ஓடவில்லை என்றால் சேஞ்சர் பக்கம்தான் பிரச்சினை. அந்தக் குழியை வெளிச்சத்தில் பாருங்கள், விரலால் தடவுங்கள். எந்தக் குழியிலும் ஓடவில்லை, ஆனால் மற்றத் தட்டுகள் ஓடுகின்றன என்றால் தட்டைச் சந்தேகப்படுங்கள். அதைத் துடைத்து, முடிந்தால் வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள். எல்லாக் குழியிலும் ஒரே வகைத் தட்டுகள் மட்டும் தகராறு செய்தால்தான் பிக்கப் மேல் சந்தேகம் திரும்ப வேண்டும்.

டிரே பாதியில் நிற்பது, தட்டிக் கொடுத்தால் மூடிக்கொள்வது, மேடை திரும்பாமல் மோட்டார் மட்டும் முனகுவது எல்லாம் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்ததன் அறிகுறி. பெல்ட் நழுவினால் பிக்கப் முழுசாக மேலே எழாமல் போகலாம், அப்போதும் "நோ டிஸ்க்" வரும். அந்தச் சின்ன பெல்ட்டுக்காகப் பிளேயரையே தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

விலை குறைந்த மாடலில் குறைத்திருப்பதும் பெரும்பாலும் இங்கேதான். படத்தை விரித்துக் காட்டும் சிப் எல்லா விலையிலும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறது, டிவிடியில் இருப்பதே 480 அல்லது 576 வரிப் படம்தான். மேடை, கியர், டிரே ஓடும் பாதை இவற்றின் பிளாஸ்டிக்கில்தான் வித்தியாசம் தெரியும். வாங்கும்போது படத்தை மட்டும் பார்க்காமல் எல்லாக் குழியிலும் தட்டு போட்டு, ஒரு முழுச் சுற்று மாற்றி, சத்தத்தைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இது கட்டாயம். பிளேயரை இடம் மாற்றும்போது தட்டுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். கரோசல் குழியில் தட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. பெட்டியைச் சாய்த்தால் தட்டு நழுவி மேடைக்குப் பின்னால் விழுந்து மாட்டிக்கொள்ளும். அப்புறம் டிரேயும் திறக்காது, மேடையும் திரும்பாது. மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.